அந்த அஞ்சு எங்கே போச்சு

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கோ தாயி, நானும் உக்காந்துக்கறேன். நீ ஜன்னல் பக்கமே இரு, எனக்குக் காத்து வேண்டாம். இன்னைக்கு எனக்கு இருக்கற எரிச்சலுக்குக் காத்து பட்டா பத்திக்கும்.

முன்னாடி பாரு, மாற்றுத்திறனாளிகள்னு மேல எழுதியிருக்கற ஒத்தை சீட்டு. வெள்ளைச் சட்டை. எண்ணெய் வச்சுப் படிய வாரி, நெத்தியில விபூதி பூசிக்கிட்டு, பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. அந்த எழுத்து மறையற மாதிரி தலையைச் சாய்ச்சு உக்காருங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். பக்கத்துலயே நின்னா என் வாய் சும்மா இருக்காது. நாலு பேர் பார்க்கப் புருசனை ஏசக் கூடாது பாரு. அதான் இங்க வந்து உன்கிட்ட ஏசுறேன்.

கேக்கட்டும். கேக்காது. இந்த வண்டி போடுற சத்தத்துல எமனே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேக்காது.

எழுபது போட்டிருக்காங்க தாயி. எழுபது.

மார்க்குன்னு நினைச்சியா? மார்க்கா இருந்தா மிட்டாய் குடுத்திருப்பேனே. இது ஊனம். ஒரு மனுசன் எவ்வளவு ஊனம்னு டாக்டர் பார்த்துப் போடுற பர்சன்ட். எழுபத்தஞ்சு இருந்தாத்தான் மாசாமாசம் பராமரிப்புப் பணம் வரும். எழுபத்திநாலுன்னாலும் கிடையாது. எங்களுக்கு அஞ்சு குறையுது. வெறும் அஞ்சு. ஒரு மனுசன் உடம்புல அந்த அஞ்சு எங்கே போச்சுன்னு கேக்கறேன். முடியில இருக்கா, நகத்துல இருக்கா?

எல்லாம் இவராலதான்.

சௌந்தரபாண்டின்னு பேரு. எங்க பக்கம் பந்தல் சௌந்தரம்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சௌந்தரம் பந்தல் போட்டா கல்யாணத்துக்கு மழை வராது, வந்தாலும் பந்தலுக்குள்ள வராதுன்னு சொல்லுவாங்க. பந்தல் போட்டு முடிச்சதும் கல்யாண வீட்டுப் பெரிய ஆளு ஒருத்தர் வந்து ஒரு கம்பைப் பிடிச்சு ஆட்டிப் பார்ப்பாரு. அதுதான் எங்க தொழில்ல பரீட்சை. அசையக் கூடாது. அசைஞ்சா மானம் போச்சு. இவரு தள்ளி நின்னு கையைக் கட்டிக்கிட்டு, "நல்லா ஆட்டுங்க மாமா, வெக்கப்படாம ஆட்டுங்க, யானையைக் கொண்டாந்து கட்டினாலும் நிக்கும்"பாரு. இதை ஞாபகம் வச்சுக்கோ. இதுலதான் எங்க குடி கெட்டுச்சு.

விழுந்தது ஒரு ஆவணி மாசம். வாசல் வளைவுல ஏறி சீரியல் லைட்டு கட்டிக்கிட்டிருந்தாரு. கம்பு முறியல. கயிறு அறுந்து போகல. கால் வழுக்கிருச்சு. இன்னைக்கு வரைக்கும் யாரு வந்து விசாரிச்சாலும் மொதல்ல அதைத்தான் சொல்லுவாரு, "பந்தல் விழலைங்க, நான்தான் விழுந்தேன்"னு. என்ன பெருமை பாரு. முதுகுத் தண்டுல அடி. இடுப்புக்குக் கீழ பாதி உசுருதான். வாக்கரைப் பிடிச்சா எந்திரிச்சு நிப்பாரு. கட்டில்ல இருந்து வாசப்படி வரைக்கும் வருவாரு. அதுக்கே சட்டை நனைஞ்சு போகும்.

நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறேன். மக ஒருத்தி, கட்டிக் குடுத்தாச்சு, அவ பாடே அவளுக்குச் சரியா இருக்கு. காலையில அவருக்குச் சோத்தைப் பக்கத்துல வச்சுட்டுப் போனா, பொழுது சாயத்தான் வருவேன். வந்து பார்க்கற கோலம் இருக்கே... விடு.

இப்படி ஒரு பணம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்கற ராஜகனிதான் சொன்னா. "அக்கா, சர்க்கார் குடுக்குது, வேண்டாம்னு இருக்கீங்களே, உங்களுக்கென்ன பைத்தியமா"ன்னா. அதுக்கப்புறம்தான் அலைய ஆரம்பிச்சேன். பணத்துக்கு அட்டை வேணும். அட்டைக்கு டாக்டர் சர்டிபிகேட்டு வேணும். சர்டிபிகேட்டுக்கு முகாம். முகாமுக்குப் போட்டோ. சும்மா முகம் மட்டும் பத்தாதாம், முழு ஆளும் தெரியணுமாம்.

ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, காலரை நானே சரிபண்ணி விட்டேன். "தம்பி, அந்த வாக்கர் தெரிய வேண்டாம், தள்ளி வை"ன்னேன். பின்னாடி இருந்த பலகையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னாரு, கை தெரியாது. அந்தப் பையனும் கெட்டிக்காரன், "அண்ணே, நெஞ்சை நிமித்துங்க, லேசா சிரிங்க"ன்னு சொல்லிச் சொல்லி எடுத்தான். ராசா மாதிரி விழுந்துச்சு தாயி.

ஆபீஸ்ல ஒருத்தர் வாங்கிப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. "யாருக்கும்மா அட்டை?"ன்னாரு. இவருக்குத்தான்னேன். "இவருக்கு என்னம்மா குறை? என்னைவிட நல்லா இருக்காரே. குறை தெரியற மாதிரி எடுத்துட்டு வாங்க"ங்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு? குறை தெரியறதுக்கா உலகத்துல போட்டோ எடுப்பாங்க? அந்த ஆளுக்குப் பல்லு எடுப்பு, அவரு கல்யாணத்துல அது தெரியற மாதிரிதான் போட்டோ எடுத்திருப்பாங்களோ? வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ரெண்டாவது ஒண்ணு எடுத்தோம், வாக்கரோட. அதை நான் பார்க்கல. கவரைப் பிரிக்காமயே குடுத்துட்டேன். மொத போட்டோதான் இப்ப வீட்டுச் சுவத்துல இருக்கு.

சரி, முகாமுக்கு வருவோம். எங்க நேரம், எங்களுக்கு அடுத்து வரிசையில நிக்கறான் காளீஸ்வரன். ஜோதி பந்தல் காளீஸ்வரன். எங்க எதிர்க்கடைக்காரன். இவரு விழுந்ததுக்கப்புறம் இவரு பந்தல் போட்டுக்கிட்டிருந்த வீடெல்லாம் இப்ப அவன்தான் போடுறான். அவனுக்கு ஒரு தம்பி, பிறவியிலேயே கை கால் வராது. அவனைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்திருக்கான். "அண்ணே, சௌக்கியமா"ன்னான். அவ்வளவுதான் கேட்டான் பாவி. இவரு வாக்கரைச் சுவத்தோரமா சாத்தி வச்சுட்டாரு.

"நடங்க பார்ப்போம்"னாரு டாக்டர். நடந்தாரு தாயி! வீட்டுல கொல்லைக்குப் போறதுக்கு என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குற மனுசன், டாக்டர் மேசை வரைக்கும் நடந்தாரு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, வேர்த்து ஊத்த. படுக்க வச்சு டாக்டர் காலைப் பிடிச்சு, "நான் அமுக்கறேன், நீங்க எதிர்த்துத் தள்ளுங்க"ன்னாரு. இவரு என்ன சொல்லியிருப்பாரு, சொல்லு?

"நல்லா ஆட்டிப் பாருங்க சார். அசையாது"ன்னாரு.

அம்பது போட்டு அனுப்பிட்டாங்க.

அடுத்தவன் காளீஸ்வரன். அவன் பேசினது வெளிய வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. மைக் செட்டுக்காரன் தொண்டை அவனுக்கு. "சார், இவனுக்கு ஒண்ணும் வராது சார். வெளிக்குப் போனாலும் தெரியாது, ஒண்ணுக்குப் போனாலும் தெரியாது. நான்தான் கழுவி விடுறேன், எம் பொண்டாட்டிகூடத் தொட மாட்டா"ங்கறான். அத்தனை சனத்துக்கு முன்னாடி. கூடப் பிறந்தவனை இப்படியா ஏலம் போடுவான் ஒருத்தன்? அந்தத் தம்பி என்னடான்னா கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். அவங்களுக்கு எண்பத்தஞ்சோ என்னமோ போட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல எங்களுக்கு வடை வாங்கிக் குடுத்தான். "ஏன்டா இப்படிச் சத்தம் போட்டே"ன்னேன். "உள்ளதைத்தானேக்கா சொன்னேன், இல்லாததையா சொன்னேன்"னான். வெக்கங்கெட்டவன். வடையைத் தின்னேன், பசி. ஆனா அவன் செஞ்சது தப்பு.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடிச்சேன். "ஊரெல்லாம் பரீட்சைக்குப் பாஸாகத்தான் போகும். நாம பெயிலாகப் போனோம். அதுகூட ஒழுங்கா ஆகத் தெரியலையா உங்களுக்கு?" அதுக்கு அவரு, "காளீஸ்வரன் பார்த்துக்கிட்டு நிக்கறான்டி புஷ்பம்"னாரு. தங்கபுஷ்பம் எம் பேரு. "காளீஸ்வரனா உங்களுக்குச் சோறு போடுறான்?"னேன்.

அப்புறம் திங்கக்கிழமை மனு குடுக்கற நாள்ல போய் வரிசையில நின்னு, மறுபடி பரிசோதனை பண்ணுங்கன்னு எழுதிக் குடுத்தேன். ஒரு வாட்டி இல்ல. இதோ வரும் அதோ வரும்னு கடைசியில இன்னைக்கு வரச் சொன்னாங்க.

இந்த வாட்டி விடுவேனா? ஒத்திகை பார்த்தோம். நான் கட்டில்ல கால் மேல கால் போட்டு உக்காந்துக்குவேன், டாக்டரம்மா மாதிரி. "நடங்க"ம்பேன். "முடியலைங்கம்மா"ன்னு அவரு சொல்லணும். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றாரு. "இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டுச் சொன்னா எவ நம்புவா? மூஞ்சியை வாட்டமா வைங்க"ன்னு திட்டுவேன். மறுபடி சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துரும் சில நேரம். ஒரு நாளு, "நடங்க"ன்னேன். சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "முடியலடி"ன்னாரு. அன்னைக்கோட ஒத்திகையை நிறுத்திட்டேன்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வா. இதைச் சத்தமாச் சொல்ல முடியாது.

விழுந்ததுல இருந்து அவருக்கு ஒண்ணுக்குப் போறது தெரியாது தாயி. அது பாட்டுக்குப் போயிரும். கையில ஈரம் பட்டாத்தான் அவருக்கே தெரியும். கடையில விக்கற அந்தப் பேடு நமக்குக் கட்டுப்படியாகுமா? பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வைக்கறேன். காலையில வச்சது, நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அதுலதான் கிடப்பாரு. புண்ணு வந்திருச்சு. மத்தியானம் ஒரு தடவை வந்து மாத்திவிட்டா புண்ணு ஆறும்னு நர்ஸம்மா சொல்லுது. மத்தியானம் வந்தா எனக்குப் பாதிக் கூலிதான். அந்தப் பணம் வந்தா பாதிக் கூலியை வச்சுச் சமாளிச்சுக்கலாம். அவ்வளவுதான் என் ஆசை. பங்களா கட்ட இல்ல, நகை எடுக்க இல்ல. மத்தியானம் வீட்டுக்கு வரணும்.

இது எம் மகளுக்குத் தெரியாது. ராஜகனிக்குத் தெரியாது. உனக்குச் சொல்றேன்னா, நீ எங்கேயோ இறங்கிப் போயிருவ.

இன்னைக்கு இருட்டோட எந்திரிச்சு வெந்நி வச்சுக் குளிப்பாட்டி, சவரம் பண்ணிவிட்டு, பவுடர் போட்டு, துணியை ரெட்டையா மடிச்சு வச்சு, மேல புது வேட்டி கட்டிக் கூட்டிட்டு வந்தேன். நாலு பேர் வர்ற எடம். இந்த வாட்டி டாக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை. எம் மக வயசுதான் இருக்கும். நல்லபடியாத்தான் பேசுச்சு. "நடக்க முடியுதாப்பா"ன்னுச்சு. இவரு சொல்லிட்டாரு தாயி. "முடியலைங்கம்மா"ன்னு சொல்லிட்டாரு, சிரிக்காம. காலை அமுக்கிப் பார்த்துச்சு, கம்பு அசையட்டும்னு விட்டுட்டாரு. அப்பவே எனக்கு, அப்பாடா, கிடைச்ச மாதிரிதான்னு இருந்துச்சு.

திடீர்னு அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்புது. "நீங்கதானே கூட இருந்து பார்த்துக்கறீங்க? ஒண்ணுக்கு வர்றது அவருக்குத் தெரியுதாம்மா? துணி மாத்திவிடுற மாதிரி இருக்கா?"

திரை ஒண்ணு போட்டிருக்காங்க. பாதித் திரை. அந்தப் பக்கம் வரிசையில நிக்கறவங்க செருப்பெல்லாம் தெரியுது. எழுதறதுக்கு ரெண்டு பையனுங்க பேனாவோட என் வாயையே பார்க்கறானுங்க. இவரு என்னைப் பார்த்தாரு. சொல்லுன்னு பார்த்தாரா, சொல்லாதேன்னு பார்த்தாரா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. இத்தனை வருசம் பார்க்கறேன், அந்த முகத்துல சொல்லாதேன்னுதான் இருக்கும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கம்மா. அவரு சுத்தமான மனுசன்"னேன்.

"கூச்சப்படாதீங்கம்மா. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்"னுச்சு.

"இருந்தாச் சொல்ல மாட்டோமா? நாங்க என்ன காளீஸ்வரனா?"ன்னுட்டேன். அந்தப் பிள்ளைக்குக் காளீஸ்வரனை எங்க தெரியும், பாவம், முழிக்குது.

எழுபது போட்டுக் கையெழுத்துப் போட்டுச்சு.

வெளிய வந்து கேட்டேன் இவரை. "குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? உங்க உடம்புதானே, உங்களுக்குத்தானே தெரியும்?"னேன். "டீ குடிக்கறியா புஷ்பம்"ங்கறாரு. டீ! அங்கேயே வாக்கரைத் தூக்கிப் போட்டிருப்பேன். சனம் நின்னுச்சு, அதனால விட்டேன்.

என்ன கேட்ட?

நானா? நான் ஏன் சொல்லலைன்னா கேக்கற?

நல்லா இருக்கே! படிச்ச பிள்ளை கேக்கற கேள்வியா இது? இவ்வளவு நேரம் ஊமை மாதிரி இருந்துட்டு இதைக் கேக்கத்தான் வாயைத் திறந்தியாக்கும். கட்டின புருசனைப் பத்தி, செருப்பெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கற எடத்துல, அதையெல்லாம் எந்தப் பொம்பளை சொல்லுவா? அவ டாக்டர்தானே? பார்த்தாத் தெரிய வேண்டாம்? நான் சொல்லித்தான் தெரியணும்னா அவ எதுக்கு அத்தனை வருசம் படிச்சா? ரெட்டைத் துணி வச்சு, பவுடர் போட்டு, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம நான் கூட்டிட்டு வர்றேன். அதைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல. கேள்வி கேக்கறா கேள்வி!

தப்பு அவ மேல பாதி, இவரு மேல பாதி. கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டேன், வேற யாரு மேலயும் இல்ல.

மறுபடி மனு குடுப்பேன். விட மாட்டேன். இந்த வாட்டி கலெக்டர் காலுல வேணும்னாலும்...

இரு. பேசாத.

துண்டை எடுத்து மடியில போடுறாரு பாரு. திரும்பி என்னைத் தேடுறாரு. கண்டக்டர் வேற அந்தப் பக்கம் போறான். எங்க ஊருக்குப் பிரியற விலக்கு வேற வரப் போகுது.

உன் பாட்டில்ல தண்ணி இருக்கா? குடு. குடிக்க இல்ல. குடு தாயி, கேக்காத.

நகருங்கய்யா, வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க.

ஏங்க! என்னங்க இது! மூடியைத் திருகாமயா பாட்டிலை மடியில வைப்பாங்க? பாருங்க, வேட்டியெல்லாம் தண்ணி, சீட்டெல்லாம் தண்ணி! ஒரு பாட்டிலை நம்பிக் குடுக்க முடியல உங்ககிட்ட. ஒண்ணுமில்ல கண்டக்டர் தம்பி, தண்ணி கொட்டிருச்சு. வெறும் தண்ணிதான். நான் துடைச்சு விட்டுடறேன். மேட்டுப்பட்டி விலக்குல நிறுத்தச் சொல்லுங்க.

அந்த வாக்கரை மட்டும் இறக்கிக் குடுங்க தம்பி. அவரைப் பிடிக்க வேண்டாம். கையை எடுங்க. எடுங்கங்கறேன்ல! அவரு தானா இறங்குவாரு. எத்தனை உசர வளைவுல ஏறி இறங்கின ஆளு தெரியுமா? இந்த மூணு படிக்கு உங்க கை வேணுமாக்கும்.

மெதுவா. மெதுவாங்க. ஒரு கையை என் தோள்ல வைங்க. நல்லா அழுத்தி வைங்க. யாரும் பார்க்கல.

இந்தா தாயி, ஜன்னல் வழியா வாங்கிக்கோ. உன் பாட்டிலைக் காலி பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காத. அந்தச் சீட்டைப் பத்தி யாராவது கேட்டா தண்ணின்னு சொல்லு, என்ன? டாக்டரே வந்து கேட்டாலும் தண்ணின்னு சொல்லு.